எஸ்தர் சிஸ்டரும் ஒன்றரை ஷிப்டும்

காலை டீ நேரத்தில் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எஸ்தர் சிஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார். கும்பிடும் கைப் படங்கள் பத்துப் பதினைந்து விழுந்தன. பிறகு மறுபடியும் ஷிப்மெண்ட் பேச்சு.

எங்கள் பனியன் கம்பெனிக்கு அவர் நர்ஸ், நான் ஆட்களின் வேலைநேரம் பார்க்கும் பெர்சனல் மேனேஜர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். கம்பெனியில் வேலை பார்த்த உங்களில் பலர் அவரிடம் மாத்திரை வாங்கியிருப்பீர்கள். அவருடைய பருமனைக் கிண்டலும் செய்திருப்பீர்கள். நானும் செய்தேன்.

ஒருநாள் தையல் பிரிவு மல்லிகா அவரிடம் கேட்டாள்: "ஏனுங்க சிஸ்டர், வவுறு முட்டத் தின்னாலும் பசி அடங்க மாட்டேங்குதுங்க. தின்னிப்பண்டாரமா ஆயிட்டனுங்களா?"

"இல்ல பிள்ள. கொழுப்பு சும்மா தொங்குத சதை இல்ல, அதுவும் ஒரு சுரப்பிதான். 'போதும்'னு மூளைக்குச் சொல்லுத ஹார்மோன அதுதான் விடுது. தூக்கம் கெட்டா அந்தப் பேச்சும் கெட்டுரும். சதை கூடிட்டா, அது எவ்வளவு கத்தினாலும் மூளை காதுல வாங்காது. சர்க்கரை வராமத் தடுக்குத இன்னொரு ஹார்மோனும் கொறஞ்சிரும்."

மல்லிகாவுக்கு ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் எழலாம். இடையில் டீ, பன், பஜ்ஜி. வீடு போய்ச் சமைத்துவிட்டுப் படுப்பவள், விடியுமுன் தண்ணீர் பிடிக்க எழ வேண்டும்.

மருத்துவப் பதிவேட்டில், எடை கூடியவர்களின் பெயருக்கு நேரே, காரணம் என்ற கட்டத்தில் "ஒன்றரை ஷிப்ட்" என்றே சிஸ்டர் எழுதி வைத்திருந்தார். எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டு பையர், ஆட்களின் வேலைநேரத்தைச் சோதிக்கும் ஆடிட் வரவிருந்த வாரம் அது. "உணவுப் பழக்கம்னு மாத்தீருங்க சிஸ்டர்" என்றேன்.

"அந்தப் பழக்கத்த அவளுகளுக்குப் பழக்குனது யாரு சார்?" என்று கேட்டார். மாற்ற மறுத்துவிட்டார். புதுப் பதிவேடு ஒன்றை நானே எழுதினேன். ஆடிட்டில் தேறினோம்.

மெஷின் ஓடும்வரை நர்ஸும் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஆகவே பன்னிரண்டு வருடம் அவருக்கும் அதே ஒன்றரை ஷிப்ட், அதே பன். அந்த அரை ஷிப்டை எடுத்துவிடச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்த மனுவை நான் முதலாளியிடம் கொண்டுபோகவே இல்லை. பிறகு பார்க்கலாம் என்று மேஜைக்குள் வைத்தேன்.

சிஸ்டரின் உடலுக்கு மாலை போட்ட கையோடு முதலாளி சொன்னார்: "ஊருக்கெல்லாம் புத்தி சொன்னாங்க. அவங்க ஒடம்ப அவங்க பாத்துக்கலீங்களே." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வெட்கம் ஒன்றுதான். அதுவும் எந்தக் காரியத்துக்கும் உதவாத வெட்கம். நேற்று புது நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தார். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் சார் என்று கேட்டார். ஒன்பது என்றேன்.