மதிய முறைத் தண்ணீரும் ஒரு லோரா பெட்டியும்

கம்பியில்லாமல் செய்தி அனுப்புகிற தொழிலில் பாதி நாள், கம்பி எங்கே என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே போய்விடும். லேப்டாப்பும் ஸ்குரூ டிரைவருமாகத் தோட்டம் தோட்டமாக அலைகிற என் இனத்தாரே, உங்களுக்குத் தெரியாததில்லை. ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு முன்னறையைக் கடையாக்கி உட்கார்ந்திருக்கிறேன். சீட்டுக்கட்டு அளவுள்ள கம்ப்யூட்டர் போர்டில் லோரா ரேடியோவைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. லோரா பாட்டுப் பாடாது, படம் காட்டாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டி நாலைந்து எண்களை அனுப்பும், அதற்கு மின்சாரம் சாப்பிடுவது கொஞ்சமே கொஞ்சம். எனக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். தெரியாதது போல அடக்கமாகப் பேசுகிற வழக்கம் என்னிடம் இல்லை.

படம் காட்டாத சாட்சி

தேவதானத்தில் பாக்கியம் அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர். கத்தரி போட்டிருந்தார். கிணற்றில் பாதி அவருக்கு, பாதி இறந்துபோன கணவரின் தம்பி முத்தையாவுக்கு. காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தண்ணீர் முத்தையாவுடையது; பன்னிரண்டிலிருந்து நாலு வரை அக்காவுடையது. பாகம் பிரித்த நாளிலிருந்து இதுதான் முறை. அக்கா பகலெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கு வேலைக்குப் போய்விடுவதால், பன்னிரண்டு மணிக்கு வால்வை அக்கா பக்கம் திருப்புவது முத்தையா பொறுப்பு. சாயங்காலம் அக்கா வந்து பார்த்தால் மோட்டார் ஓடியிருக்கும், வயலில் பாதி காய்ந்து கிடக்கும். மூன்று வருஷமாக இதே கதை. மூன்று வருஷமாகக் கொழுந்தனோடு பேச்சும் இல்லை.

“அந்த ஆளு என் தண்ணியக் களவாங்குதான். கையும் களவுமா பிடிச்சுக் குடு. இந்தத் தடவையும் காஞ்சா என் பங்க வந்த வெலைக்குக் குடுத்துட்டு மக வீட்டோட போயிருவேன்” என்றார். மோட்டார் ஓடுகிறதா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, வால்வு யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற மூன்றையும் பெட்டி சொல்லும், கேமரா மட்டும் கிடையாது என்று விளக்கினேன். முத்தையாவிடம் அனுமதி கேட்டபோது, அவர் “வைக்கட்டும்” என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டார். அக்காவுக்குத்தான் திருப்தியில்லை. “படம் காட்டாத சாட்சி கோர்ட்டுல நிக்குமா தாயி?”

தூங்கும் காவல்

கிணற்றடியில் உள்ள பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விழிக்கும், பார்த்ததைக் கண் இமைக்கும் நேரத்தில் அனுப்பும், மறுபடி தூங்கிவிடும். அதனால்தான் உள்ளங்கை அளவு சோலார் தகடே அதற்குப் போதும். இந்தப் பெருமையை நான் வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும் சொல்வேன். அக்காவிடமும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காவலுக்கு ஆள் கேட்டா, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா முழிக்கிற ஆளவா கூட்டிட்டு வருவ?”

உள்ளே பேசிக்கொண்டிருந்தவர்

கிணற்றுச் செய்தியைப் பெறுகிற போர்டை அக்கா வீட்டு டிவி பக்கத்தில் வைத்து, ஏரியலை ஓட்டுக்கு மேலே ஏற்றினேன். அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. கிணற்றிலிருந்து செய்தி வந்தது. ஆனால் எண்களுக்குப் பதிலாகக் கோணல் மாணலாகக் குப்பை வந்தது. ஏரியலை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், இரண்டு தடவை கிணற்றுக்கு நடந்தேன். அக்கா கொடுத்த கருப்பட்டிக் காப்பியும் ஆறிப்போனது.

பிறகுதான் புத்தியில் பட்டது. ரேடியோவை மாட்டியிருந்த அதே பின்களில், போர்டு தன் சொந்தச் செய்திகளையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. வாங்கும்போதே அப்படித்தான் வரும், முதல் வேலையாக அதை நிறுத்த வேண்டும். நூறு தடவை செய்த நானே மறந்துவிட்டேன். நிறுத்தியதும் எண்கள் வரிசையாக வந்து விழுந்தன. என்ன கோளாறு என்று அக்கா கேட்டார், சொன்னேன். “அது பேச்ச அது நிப்பாட்டுனாத்தான அடுத்தவுக சொல்றது காதுல ஏறும்.”

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் கிணற்றுப் பெட்டி ஊமையாகிவிட்டது. “நான் சொல்லல? அந்த ஆளு கண்ணக் குத்திட்டான்” என்று அக்கா போனில் கொதித்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். மோட்டார் ரூம் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. மோட்டாருக்கு மாலை, ஸ்டார்ட்டருக்கு மூன்று பட்டை விபூதி. என் சோலார் தகட்டின் மேல் விரல் கனத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம், ஓரத்தில் செவ்வந்தி. வெயில் நுழைய இடமே இல்லை. பேட்டரி பட்டினி கிடந்து செத்திருந்தது.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். மழை, இடி, எலி எல்லாவற்றுக்கும் தற்காப்புச் செய்திருந்த எனக்கு, ஆயுத பூஜை மட்டும் ஞாபகம் வரவில்லை. தகட்டைத் துடைத்துக்கொண்டே முத்தையாவைக் கொஞ்சம் சூடாகத்தான் கேட்டேன். தன்னை வேவு பார்க்க வைத்த பெட்டி அது என்று தெரிந்தும் பொட்டு வைத்த மனுஷர், பாத்தியில் மண்வெட்டியை ஊன்றி நின்றபடி பதில் சொன்னார். “அதுவும் வேல செய்யுத சாமான்தானம்மா. மத்ததுக்கெல்லாம் வச்சுட்டு அத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?”

பதினொன்று ஐம்பது

மூன்று வாரப் பதிவு சேர்ந்ததும் அக்கா வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டரைக்கெல்லாம் மோட்டார் நின்றுவிடுகிறது, செத்த நேரம் கழித்து ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. ஒருநாள் இருநாள் இல்லை, எல்லா நாளும். அக்காவின் நாலு மணி நேரத்தில் மோட்டார் ஓடியது இரண்டு மணி நேரம்கூட இல்லை. முதலில் என் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் மோட்டார் நின்றதாகக் காட்டிய நேரத்தில் கிணற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. இரண்டு சென்சாரும் கூடிப் பொய் சொல்ல முடியாது.

மறுநாள் மதியம் மோட்டார் ரூமில் போய் நின்றேன். பன்னிரண்டரைக்கு மோட்டார் நின்றது. மெயினை அணைத்துப் பார்த்தால், பியூஸைத் தாங்குகிற பீங்கான் கேரியர் ஒன்றில் பிடி தளர்ந்து, கருகி, அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது. காலையிலிருந்து ஓடி ஓடிச் சூடேறியதும் அது விட்டுப்போகிறது. மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போனால் மோட்டார் எரிந்துவிடாமல் இருக்க ஸ்டார்ட்டரே நிறுத்திவிடும். கேரியர் ஆறிப் பிடித்ததும் ஸ்டார்ட்டர் தானாகவே போட்டுவிடும். வால்வைத் திருப்பிவிட்டு வீட்டுக்குப் போகிற காலை முறைக்காரருக்கு இது ஒருநாளும் தெரியாது. மதிய முறைக்காரர் தறியில் இருப்பார். முறை மாறியிருந்தால் காய்ந்திருப்பது முத்தையாவின் வயல்தான்.

புதுக் கேரியர் போட்டேன். அன்று மோட்டார் நாலு மணி வரை மூச்சு விடாமல் ஓடி, கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணீர் போனது. சாயங்காலம் அக்காவிடம் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். ஜெயித்த ஜோரில் என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. வால்வுப் பதிவையும் வாசித்தேன். பன்னிரண்டு மணிக்குத் திருப்ப வேண்டிய வால்வு, ஒருநாள் தவறாமல் பதினொன்று ஐம்பதுக்கே அக்கா பக்கம் திரும்பியிருந்தது. நாலு மணி வரை அதை ஒரு கையும் தொடவில்லை.

அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் பேச்சிலிருந்து ‘அந்த ஆளு’ அதோடு காணாமல் போனான். “மொத வருசம் நடுத்தெருவுல நின்னு மண்ண வாரித் தூத்துனேன் தாயி. வம்சம் வெளங்காதுன்னேன். அவிய ஒத்த வார்த்த பேசாம தலையக் குனிஞ்சு நின்னாக. பொறவும் எனக்குப் பத்து நிமிசம் சேத்துத்தான் விட்டிருக்காக.” திரையின் மேல் விரலை வைத்து அவர் கேட்டார்: “இதுல நான் பேசுனத அழிக்கிறதுக்கு எதாச்சும் பட்டன் இருக்கா?”

மோட்டார், தண்ணீர், வால்வு மூன்றுக்கும் மூன்று கிலோமீட்டர் வரை நான் உத்தரவாதம் தருவேன். தேவதானத்தில் அக்கா வாசலுக்கும் முத்தையா வாசலுக்கும் நடுவே இருக்கிற இருபதடியை மட்டும் அக்காவே நடந்துதான் கடக்க வேண்டியிருந்தது.