அப்பாவுக்குப் பின் யாருக்கு வேலை

அப்பாவின் காக்கிச் சட்டையை எவ்வளவு சோப்புப் போட்டு அலசினாலும் அதில் ஒரு கருகல் வாசனை இருந்துகொண்டே இருக்கும். அவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தார். கோலார் தங்கச் சுரங்கம் மூடிய மறுவருஷம், பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மரக்கடை பற்றி எரிந்தபோது உள்ளே போனவர் உயிரோடு திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் வீட்டில் ஒரே பேச்சு. பணியில் இறந்தவரின் குடும்பத்தில் ஒருவருக்கு அரசாங்கம் வேலை கொடுக்கும், அது யாருக்கு? சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் "லைன்" வீடுகளில் அதை ஒரு கேள்வியாகவே யாரும் நினைக்கவில்லை. சுரங்கத்தில் ஒருவர் செத்தால் அந்த வீட்டின் அடுத்த ஆண்தான் "கேஜ்" என்னும் இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குவார், பெண்களைக் கீழே விடமாட்டார்கள் என்றே பார்த்துப் பழகிய எங்களுக்கு, அப்பா வேலை பார்த்தது சுரங்கத்தில் இல்லை என்பது தோன்றவே இல்லை. நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஆகவே சித்தப்பாதான். சுரங்கம் மூடியதில் அவருக்கும் வேலை போயிருந்தது, இரண்டு பெண் குழந்தைகள் வேறு.

"உங்களயும் புள்ளயயும் நான் பாத்துக்க மாட்டனா, அண்ணி?" என்றார் சித்தப்பா.

"வேலய அவனுக்கே எழுதிக் குடுத்துடும்மா. பொம்பள ஆபீசுக்குப் போயி இன்னா பண்ணப்போற?" என்றார் பெரியப்பா.

பத்தாவது படித்திருந்த அம்மா சரி என்றுவிட்டாள்.

கோலாரில் இருந்த தீயணைப்புத் துறை ஆபீசுக்குச் சித்தப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் அப்பா போகும் தீயணைப்பு வண்டியை ஓட்டிய கன்னடக்காரர் எங்களைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டுத் திடுக்கிட்டார்.

"அய்யோ தாயி! தம்பிக்கெல்லாம் வராது. பெண்டாட்டி, பிள்ளைங்களுக்குத்தான். பிள்ளையும் சின்னது, நீங்க வேணாம்னு எழுதினா யாருக்குமே இல்ல."

சித்தப்பா கையிலிருந்த காகிதங்களை அம்மாவிடம் நீட்டினார். பிறகு, "அப்ப நீங்களே போங்க அண்ணி. வேணாம்னு மட்டும் எழுதிடாதீங்க" என்று சொல்லி, எனக்கு பன் வாங்கித் தரக் கூட்டிப்போனார். அம்மா தனியாக உள்ளே போனாள்.

அந்த வேலையில்தான் என்னைப் படிக்கவைத்தாள். இப்போது ஓய்வும் பெற்றுவிட்டாள். சுரங்கத்தில் வேலை நேரத்துக்குச் சங்கு ஊதுவது நின்றுபோய், கேஜ் துருப்பிடித்து, அடுத்த ஆண் யார் என்று கேட்கும் வழக்கமும் எங்கள் லைனில் இல்லாமல் போயிற்று. சித்தப்பா மட்டும் இன்றும் விடியலில் ரயிலேறி பெங்களூரில் ஒரு அடுக்குமாடி வாசலில் காவல் இருந்துவிட்டு வருகிறார்.

"சட்டப்படி அது உன் வேலதாம்மா" என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மா மறுப்பதில்லை. ஆனால் ராத்திரி சித்தப்பா திரும்பும் ரயில் வந்து சேரும்வரை அவள் சாப்பிட உட்காருவதும் இல்லை.