ரதிக்குக் குரல் கேட்டேன்

காப்புக் கட்டி ஐந்தாம் நாள் காலையில் என் குரல் போய்விட்டது.

இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைக்கு ரயில் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. எனக்கு வயது பத்தொன்பது. பெரகலைக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டினேன். நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச வராது. வேஷம் கட்டினால் மட்டும் அந்தக் கூச்சம் இருக்காது. அந்த மாசியில்தான் காமன் கூத்தில் முதன்முதலாக ரதி வேஷம் கிடைத்தது. சிவன் மன்மதனை எரித்ததும் ரதி அழும் பாட்டை நானே கட்டியிருந்தேன். கடைசி ஆள் வரை கேட்கவேண்டும் என்ற ஆசை. தினமும் வேலை முடிந்ததும் மலை விளிம்பில் நின்று, பனியில், எதிர்க்காற்றில் கத்திப் பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்த மூளைதான். தொண்டை அடைத்துவிட்டது.

காப்புக் கட்டிய பிறகு ஆளை மாற்றக் கூடாது. ரதி அழாவிட்டால் மூன்றாம் நாள் மன்மதன் எழமாட்டான், தோட்டத்துக்கு ஆகாது என்று லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த சனங்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். ஏற்கெனவே காய்ச்சலில் இரண்டு குழந்தைகள் போயிருந்த நேரம்.

மன்மதன் வேஷம் கட்டிய என் சிநேகிதன் காத்தான், "ரதி ஊமையாயிட்டா மன்மதனுக்கு நிம்மதிதாண்டா" என்று சிரித்தான். கூத்து மாஸ்டர் சிரிக்கவில்லை. மிளகுக் கஷாயமும் கேட்காது போனபின், "இனி ஆத்தாகிட்டதான் கேக்கணும், போ" என்றார்.

மாரியம்மன் முன்னால் வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை. தாயே, அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் குரல் கொடு என்று மனதுக்குள் அழுதேன். பௌர்ணமி வரை தினமும் போனேன். குரல் வரவில்லை.

காமன் எரிந்தான். நான் சாம்பலருகே விழுந்து வாயைத் திறந்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது. தப்பு மேளம் நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். செத்துப்போகலாம் போலிருந்தது.

முன்னால் மூக்காயி அக்கா உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் போன பிள்ளைகளில் ஒன்று அவளுடையது.

"ஏண்டி ரதி, தொண்ட அடைச்சுப் போச்சா? எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள்.

பிறகு அவளே பாட்டை எடுத்தாள்.

"சாம்பல அள்ளி வச்சேன், சாமி முகம் தெரியலையே..."

அது என் பாட்டு. அடுத்த அடியை இன்னொருத்தி எடுத்தாள். பிறகு லயத்துப் பெண்கள் எல்லோரும். ஒரு வார்த்தை பிசகவில்லை. விளிம்பில் நின்று நான் கத்தியதையெல்லாம் எதிர்க்காற்று திருப்பி லயத்துக்கே கொண்டுபோயிருக்கிறது. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் அதைத் தினமும் கேட்டிருக்கிறார்கள். என் குரலைப் பறித்த அதே காற்று!

அவர்கள் பாடினார்கள், நான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதேன். அது நடிப்பில்லை. பிள்ளை போன நாளிலிருந்து அழாதிருந்த அக்காவும் அன்று அழுது தீர்த்தாள். மூன்றாம் நாள் மன்மதன் எழுந்தான்.

ஒரு மாதத்தில் குரல் திரும்பியது, கொஞ்சம் கரகரப்போடு. மறு வருடம் பெரகலையில் கூப்பிட்டார்கள், பிறகு பதுளையில். அன்று முதல் நான் கட்டும் எந்தப் பாட்டிலும் இரண்டாவது அடியைக் கேட்பவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

அம்மனை நம்பும் என் சொந்தங்களே, இதைப் பேசச் சொன்னால் எனக்கு வராது, அதனால் எழுதினேன். ஒரு குரல் கேட்டேன். ஆத்தா லயத்தையே பாட வைத்தாள். கேட்டது வரவில்லையே என்று சன்னிதியை விட்டு எழுந்து போய்விடாதீர்கள். கொஞ்சம் இருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாயைத் திறக்கட்டும்.