மூச்சை விடாத மாப்பிள்ளை

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் முகாமில் மார்பளக்கும் கம்பவுண்டர் வேலை என்பது, அடுத்தவன் மூச்சுக்காக நம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது. முதலில் ஒரு பெரும் பிழையைத் திருத்தியாக வேண்டும். இழுத்த மூச்சு ஓரிடத்தில் நிற்பது, மூட்டை நிரம்பியதுபோல நுரையீரலில் இடம் தீர்ந்துவிடுவதால் என்று நாடு முழுக்க நம்புகிறார்கள். இல்லை. நுரையீரல் விரிவதை அங்கேயுள்ள நரம்புகள் உணர்ந்து, 'போதும், நிறுத்து' என்று மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. டாக்டருடைய தடித்த புத்தகத்தில், அவர் இன்னும் பிரிக்காத பக்கங்களில், இது இருக்கிறது. டேப்பும் கையுமாக நொந்துபோன தோழர்களே, இதை யாரிடமும் விளக்காதீர்கள். நான் விளக்கினேன்.

பூஜ்யம்

தேனி முகாமில் சட்டையைக் கழற்றி நின்றான் அனுமந்தன்பட்டிச் சடையாண்டி. பட்டாளத்தில் சேர்ந்தால்தான் பெண் என்று தாய்மாமன் சொல்லிவிட்டார். அவரும் கூடவே வந்து கதவோரம் நின்றார். விதி எளிது: மூச்சை விட்டபின் ஓர் அளவு, இழுத்தபின் ஓர் அளவு, நடுவே இரண்டங்குலம் வித்தியாசம் வேண்டும். சடையாண்டியோ வாசலிலேயே நெஞ்சை நிரப்பிக்கொண்டு வந்திருந்தான். முதல் அளவு முப்பத்தைந்து. இரண்டாவதும் முப்பத்தைந்து. வித்தியாசம் பூஜ்யம்.

"மூச்சை விடப்பா" என்றேன்.

"மாமன் பாத்துக்கிட்டிருக்காக. அவுக முன்னால நெஞ்சு ஒடுங்கி நிக்கச் சொல்றீகளா?"

பூனை

டாக்டர் காபி குடிக்கப் போயிருந்தார். அந்த இடைவெளியில் நரம்பு சாஸ்திரத்தைத் தொடங்கினேன். நுரையீரல் விரிந்தால் 'நிறுத்து' என்று சேதி போகும். நன்றாகச் சுருங்கினால் 'இழு' என்று போகும். ஆகவே விட்டவன்தான் இழுப்பான். சீமையில் பூனையின் கழுத்து நரம்பில் கம்பி வைத்தே இந்தச் சேதியைப் பிடித்திருக்கிறார்கள் என்றும் சொல்லித் தொலைத்தேன்.

கதவோரத்திலிருந்து மாமன் குரல் வந்தது: "ஏலே, ஆம்பளை நெஞ்சுக்குப் பூனைகிட்ட யோசனை கேக்குறாக. விட்டுறாத!"

செவலை

டாக்டரின் பூட்ஸ் சத்தம் கேட்டது. பூஜ்யத்தைக் கண்டால் பெயரை அடித்துவிடுவார். சடையாண்டியின் செவலைக் காளையை அன்று ஜல்லிக்கட்டுக்கு அவன் தம்பி ஓட்டிப் போயிருப்பதாக வரிசையில் பேச்சு. டேப்பைச் சுற்றியபடியே சொன்னேன்: "உன் செவலையைப் பிடிச்சிட்டாகளாம்."

உள்ளே இருந்த காற்றெல்லாம் போயிற்று. முப்பத்திரண்டு. அடுத்த நொடியே, புத்தகத்தில் உள்ளபடி, ஒரு பெரிய இழுப்பு. முப்பத்தைந்தரை. டாக்டர் தேர்வுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். காளையை யாரும் பிடிக்கவில்லை, சும்மா சொன்னேன் என்று பிறகு ஒப்புக்கொண்டேன்.

சடையாண்டி சட்டையைப் போட மறுத்தான்: "பொய் சொல்லிப் பிடுங்குன மூச்சு செல்லாது. மறுபடி அளங்க."

சம்பந்தம்

சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த மாமன், இவனை எங்கே அனுப்புவார்கள் என்று என்னிடம் கேட்டார். பர்மா எல்லைப் பக்கம் இருக்கலாம், அங்கேதான் சண்டை என்றேன்.

"பட்டாளத்துல சேருன்னுதான் சொன்னேன். சண்டைக்குப் போகணும்னு யாரு சொன்னாக?"

சடையாண்டி பட்டாளத்தில் சேர மதுரைக்குப் பஸ் ஏறினான். பெண்ணை அந்த வைகாசியில் போடி ஏலக்காய் மண்டிக் குமாஸ்தாவுக்குக் கொடுத்தார்கள்.