செம்மேட்டு ரொட்டிக் கடையில் எனக்கு வந்த காய்ச்சல்

எங்கள் மலையில் ரொட்டி என்றால் காய்ச்சல் என்று அர்த்தம். படுத்துக் கிடக்கிறவனுக்குப் பாலில் நனைத்து ஊட்டுவதற்கென்றே அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பண்டம் அது. நன்றாக நடமாடுகிற ஆள் ஒருவன் ரொட்டி தின்று நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்ட ஊரில், செம்மேட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒருத்தி சாண்ட்விச் கடை போட்டாள் என்றால், அடேயப்பா, அவள் நெஞ்சழுத்தத்தை என்ன சொல்ல!

மகளின் கல்யாண ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது. விலை குறைவு, சுத்தமாக இருக்கும், இங்கேயே சாப்பிடலாம் என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சோறு திங்கிற நேரத்துல ரொட்டியா? நான் என்ன சீக்காளியாடி?" என்று ரோட்டிலேயே சத்தம் போட்டேன்.

கடைக்காரப் பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது. சிரித்தாள். "ஒண்ணே ஒண்ணு தின்னு பாருங்கம்மா. புடிக்கலீன்னா என்னைத் திட்டிட்டுப் போங்க."

திட்டலாம் என்றால் எனக்கு வசதிதான். உட்கார்ந்தேன். அன்றைக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. தை பிறந்தால் கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டிய என் ஒரே தம்பி என்னோடு பேசிப் பல வருஷம் ஆகிறது. அப்பன் பிரித்துக் கொடுத்த காட்டின் வரப்பில் ஒரு மரம். அதில் ஏறிய மிளகுக்கொடி யாருக்கு என்று தொடங்கிய சண்டை. அக்கா வந்து கூப்பிடட்டும் என்று அவன் பெரக்கரை நாட்டில் உட்கார்ந்திருந்தான். மாமன்காரன் தானாக வரட்டும் என்று நான் குண்டூர் நாட்டில் உட்கார்ந்திருந்தேன். சில ஊர்கள் சேர்ந்ததுதான் எங்கள் மலையில் ஒரு நாடு. சமாதானம் பேசப் போன சொந்தக்காரர்கள் இரண்டு வீட்டிலும் காப்பி குடித்ததுதான் மிச்சம். தாய்மாமன் இல்லாத மணவறையில் என் மகள் எப்படி உட்காருவாள் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடும். ஆனாலும் வாய் இறங்கி வராது.

அந்தப் பெண் குச்சிக்கிழங்கை, அதுதான் மரவள்ளியை, அவித்து மசித்து, பச்சை மிளகை நசுக்கிப் போட்டு, ரொட்டிக்கு நடுவில் வைத்து மெஷினில் அழுத்தினாள். மேலே மூடியதும் சுர்ரென்று ஒரு சத்தம், நெய் வாசம். தட்டில் வந்ததைக் கடித்தேன். மேலே மொறுமொறு, உள்ளே வெண்ணெய் மாதிரி. நான் நட்டு, நான் பிடுங்கி, தின்று தின்று சலித்த அதே கிழங்குதானா இது? மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிளகு தன் வேலையைக் காட்டியது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். முந்தானையால் துடைத்துத் துடைத்துத் தின்றேன். அந்த நேரம் பார்த்துப் பெரக்கரைப் பக்கம் போகும் பஸ் கடைவாசலில் நின்றது. தம்பி ஊர்க்காரர் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா? ரொட்டி திங்கிறீங்க?"

வாய் நிறைய கிழங்கு. நான் விழுங்கிப் பதில் சொல்வதற்குள் பஸ் போய்விட்டது. போகட்டும் என்று மகளுக்கு அன்னாசிப்பழம் வைத்தது ஒன்று சொன்னேன். எனக்கும் இன்னொன்று சொல்லிக்கொண்டேன். எங்கள் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆற அமரத் தின்றோம்.

இரண்டாவதில் பாதி தின்றிருப்பேன். ஒரு பைக் வந்து வாசலில் சாய்ந்தது. கால் முழுக்கக் காட்டுச் சேறு, பட்டன் மாற்றிப் போட்ட சட்டை. தம்பி! மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றான். மூச்சு வாங்கியது. "எத்தன நாளாக் காய்ச்சலு? கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. ஒரு வார்த்த சொல்லியனுப்ப மாட்டியா?"

அந்த மலை வளைவுகளில் இவன் எப்படி வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருப்பானோ! ஊரே கூடிப் பேசி அசையாதவனை ஒரு துண்டு ரொட்டி அசைத்துவிட்டதே, சாமி! காய்ச்சல் இல்லை என்று சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது. ஆனால் இவனிடம் எனக்குப் பொய் வராது.

"எனக்கு ஒண்ணுமில்லடா. மிளகு காரம்."

அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் கறுத்தது. "ஒண்ணுமில்லாதவ எதுக்கு ரொட்டி திங்கிற?" என்று கத்தினான். "ஆளக் கொல்றதுக்கா? பாதிக் களையில மம்முட்டியப் போட்டுட்டு வாரேன். அறிவிருக்குதா உனக்கு?" கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. திட்டட்டும், திட்டட்டும், இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றிருந்தது.

திட்டி ஓய்ந்தான். பைக் சாவியைக் கையில் உருட்டினான். மகள் "மாமா, உக்காருங்க" என்றாள். உட்காரவில்லை, போகவும் இல்லை. வீம்புக்காரன், என் கூடப் பிறந்தவனாயிற்றே. நானும் கூப்பிட வாயெடுக்கிறேன், வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

அப்போது அவன் போன் அடித்தது. பஸ்ஸில் போனவர்தான், இவனுக்குப் போனில் சேதி சொன்ன ஆள். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"நல்லால்லீங்க. ரொம்ப முடியல. தனியா உட முடியாது, நம்மூட்டுக்கே கூட்டியாறேன். கல்யாண வேலயெல்லாம் இனி நாந்தான் பாக்கோணும்."

நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தப் போனுக்குக் கேட்கும்படி சத்தமாக இருமினேன்.