நவமணி எண்ணி எடுத்த அச்சு

உடையப்பனுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள வாழ்க்கையில் ஒன்பது வருஷம் இருந்தது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரையின் ஜீப்பை ஓட்டிய ஒன்பது வருஷம். 1974-இல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். துரை தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார், ஜீப் எங்கோ போய்ச் சேர்ந்தது. உடையப்பனின் முதுகு மட்டும் இன்னும் அந்த சீட்டில்தான் சாய்ந்திருந்தது. பீடோர் ஒட்டுக்கடையில் தே தாரேக் டீ குடிக்கும்போதுகூட, யாராவது வந்து கதவைத் திறந்துவிட வேண்டும் என்பதுபோல் உட்கார்ந்திருப்பான்.

அவன் மனைவி நவமணிக்கு அந்த ஒன்பது வருஷத்தின் மேல் இருந்த மரியாதை, அட்டைப்பூச்சியின் மேல் இருந்த மரியாதைதான். அவளும் அதே தோட்டத்துக்காரி. பதினான்கு வயதில் பால்வாளி தூக்கியவள். பதினேழு வருஷம் விடியுமுன்னே பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிட்டதும் குரல் கொடுத்துவிட்டு ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போனவள். தோட்டம் கைமாறிய அன்று லயத்து வீடுகளெல்லாம் அழுதபோது அவள் மட்டும் அழவில்லை. இனி எவன் முன்னாலும் வரிசையில் நிற்பதில்லை என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

பீடோர் மலைச்சரிவில் கொய்யாத் தோட்டம் போட்டிருந்த சீன முதலாளியான தவுக்கேயிடம் பழம் பறிக்கப் போனாள். பழம் இறக்க வண்டியில்லாமல் அழுகுவதைப் பார்த்தாள். பழைய ஜப்பான் பிக்கப் ஒன்றை வாங்கினாள். ஓட்டச் சொன்னபோது உடையப்பன் முகத்தைச் சுளித்தான்.

"துரை காடி ஓட்டுன கையால கொய்யாக்கா காடி ஓட்டச் சொல்றியா?"

அந்தப் புனிதமான கையை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை லைசன்ஸ் எடுத்தாள். ஐந்து வருஷம் அந்த மலையில் பழம் இறக்கினாள்.

அந்த வண்டி தார்ச்சாலைக்குச் செய்தது. முன்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி இரும்புக் கையில் தொங்கும். பாறையும் பள்ளமுமான மலைப்பாதையில் அந்தக் கைகள் 1983-இல் மட்டும் மூன்று முறை வளைந்தன. தவுக்கே நல்ல மனுஷன், ஆனால் பழம் காத்திருக்காது. அடுத்த மாத மழையில் வண்டி ஏறாவிட்டால் வேறு லாரியைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார். அதை விட்டால் அவளுக்கு ஜெலாப்பாங்கில் கையுறை ஃபேக்டரிதான். அங்கேயும் காலையில் வரிசை, அங்கேயும் பேர் கூப்பிடுவான்.

ஜெலாப்பாங்கில் பட்டறை வைத்திருந்த சன்னாசி வழி சொன்னான். "இந்தக் கையெல்லாம் வெட்டி எறிஞ்சிருவோம்க்கா. இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரே இரும்பா முழு அச்சு போட்டு, முன்சக்கரத்தையும் இஞ்சின் இழுக்கற மாதிரி பண்ணிட்டா ஒரு சுசாவும் இல்ல, கஷ்டமில்லாம ஏறும் லா."

பட்டறைக்குப் பின்னால் பழைய அச்சுகள் இரண்டு கிடந்தன. ஒன்று பச்சைச் சாயம் பூசியது, துரைமார் ஜீப்பில் இருந்து கழற்றியது. மற்றது காட்டில் மரக்கட்டை இழுத்த வண்டியுடையது. சேறும் துருவுமாக, இடுகாட்டிலிருந்து தோண்டி எடுத்ததுபோல் கிடந்தது.

உடையப்பன் பச்சையைப் பார்த்தான். அவ்வளவுதான், கண் கலங்கிவிட்டது.

"நவமணி, இது என் ஜீப்போடது."

"உங்க ஜீப்பா? துரை எப்ப எழுதிக் குடுத்தாரு?"

அவன் காதில் வாங்கவில்லை. குனிந்து அந்த இரும்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பெற்ற தாயின் காலைக்கூட அவன் அப்படித் தொட்டு நவமணி பார்த்ததில்லை.

சன்னாசி தலையைச் சொறிந்தான். "அண்ணே, சாமான் நல்ல சாமான்தான். நம்ம காடிக்கு ஒத்து வராது. முன்சக்கரத்துக்குப் போற நம்ம இஞ்சின் தண்டு இடது பக்கமா வருது. இதுல அந்தத் தண்டு வந்து சேர்ற பல்சக்கரக் குண்டு வலது பக்கம் இருக்கு."

"அப்ப திருப்பிப் போடு."

"திருப்பிப் போட்டா பின்சக்கரம் முன்னால போவும், முன்சக்கரம் பின்னால போவும். நீங்க ஒரே இடத்துல நின்னுக்கிட்டுப் பாட்டுக் கேக்கலாம்."

நவமணி சிரித்தாள். உடையப்பன் சிரிக்கவில்லை. சன்னாசி அடுத்ததைச் சொன்னான். முன் அச்சும் பின் அச்சும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பல் தெறித்துவிடும்.

நவமணி சாக்கட்டி கேட்டு வாங்கினாள். ஒரு பக்கத்தைச் சுழலாமல் கட்டச் சொல்லி, மறுபக்கத்தில் கோடு போட்டு, இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினாள். நடுத்தண்டு எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினாள். பிக்கப்பின் பின் அச்சுக்கு நான்கும் கொஞ்சமும். பச்சைக்கு ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. துருப்பிடித்ததற்குப் பின் அச்சைப் போலவே நான்கும் கொஞ்சமும். சந்தேகம் தீர மறுபடி எண்ணினாள். குண்டும் இடது பக்கம்தான் இருந்தது. அகலம் இரண்டு விரல் கூட, அதைச் சமாளிக்கலாம் என்றான் சன்னாசி.

"இதைப் போடு," என்றாள்.

"துரை ஆக்சில விட்டுட்டு, காட்டுல கெடந்த சனியனையா?" என்று குதித்தான் உடையப்பன்.

"சனியன் ஏறும். துரை ஏற மாட்டாரு."

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. வண்டி எடுக்கும்போது சன்னாசி ஒவ்வொரு முன்சக்கரத்தின் நடுவிலும் இருந்த திருகைக் காட்டினான். இறங்கி அந்த இரண்டையும் கையால் பூட்டினால்தான் முன்சக்கரமும் இழுக்கும், உள்ளே கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிக் கம்பியை இழுத்தால் மட்டும் போதாது. அவள் நான்கு முறை பூட்டித் திறந்து பழகினாள். உடையப்பன் அந்த நேரத்தில் எங்கே என்றால், பெயிண்ட் கடையில். பச்சை டின் ஒன்றோடு வந்தான். அன்று சாயங்காலமே வண்டிக்கு அடியில் படுத்து, துருவின் மேலேயே பச்சை அடித்தான். ஐந்து வருஷத்தில் அந்த வண்டிக்கு அவன் செய்த முதல் வேலை அது.

மறுநாள் ஒட்டுக்கடை முழுக்கச் செய்தி. துரை ஜீப்பின் ஆக்சில் வந்துவிட்டது. தோட்டத்துப் பழைய ஆட்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அந்தக் காலத்தில் நவமணியின் பாலில் தண்ணீர் என்று சொல்லி அரைப்பேர் போட்டு அரைநாள் கூலியைப் பிடித்த மண்டோர் சின்னையா, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார். அவர்களை அடிமாடாக வேலை வாங்கியவனின் இரும்பு என்றால் இவ்வளவு பக்தி. நவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செய்தி தவுக்கேயின் காதுக்கும் போனது. துரை ஆக்சில் என்றால் துரையின் டிரைவர்தானே ஓட்ட வேண்டும், மழை வேறு, இனி உன் புருஷனே ஓட்டட்டும் என்றார். உடையப்பன் மறுக்கவில்லை. அந்தப் புனிதக் கை இப்போது கொய்யாவுக்கு இறங்கி வந்துவிட்டது. தேடியது அவள், எண்ணியது அவள், சீட்டு அவனுக்கு. நவமணி சாவியை நீட்டினாள். திருகைப் பூட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை மழை கொட்டியது. தவுக்கே குடையோடு அடிவாரத்தில் நின்றார். நவமணி பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். உடையப்பன் சட்டைக்கை மடித்து, குட்டிக் கம்பியைப் பெருமிதமாக இழுத்து, மேட்டில் விட்டான். பாதி மேட்டில் பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. முன்சக்கரம் வேடிக்கை பார்த்தது. வண்டி வழுக்கிக்கொண்டு பின்னால் வந்து, பள்ளத்தின் ஓரத்தில் சாய்ந்து நின்றது.

"ஆக்சில் கெட்டுப் போச்சு," என்றான், முகம் வெளுத்து.

"முன்சக்கரத்தப் பூட்டுனீங்களா?"

"பூட்டா? எந்தப் பூட்டு?"

ஒன்பது வருஷம் ஜீப் ஓட்டியவன். பங்களாவிலிருந்து ஆபீசுக்கும், ஆபீசிலிருந்து கிளப்புக்கும். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டிய இடத்துக்குத் துரையும் போனதில்லை, இவனும் போனதில்லை.

நவமணி இறங்கினாள். சேற்றில் முழங்காலிட்டு இரண்டு திருகையும் பூட்டினாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"நகருங்க."

நகர்ந்தான். வண்டி முக்கி முனகி, நான்கு காலையும் ஊன்றி, உச்சிக்கு ஏறியது. பழக்கூடைகளோடு இறங்கி வந்தபோது தவுக்கே குடையைச் சாய்த்துக் கீழே பார்த்தார். பச்சை உரிந்து துரு தெரிந்தது. நாளைக்கும் நீயே வா என்று அவளிடம் சொன்னார்.

ஒட்டுக்கடை நெருங்கும்போது உடையப்பன் மெதுவாக வாயைத் திறந்தான். "இங்கயே எறக்கி விட்டுரு புள்ள. நடந்து வாரேன். ஆளுங்க இருக்கானுங்க."

அவள் நிறுத்தவில்லை. கடை வாசலில் மட்டும் வேகத்தை நன்றாகக் குறைத்து, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்வரை ஹாரனை அழுத்திப் பிடித்தாள்.