பாலத்தின் வரும் பக்கம்

உங்கள் வீட்டில் யாராவது ஊரிலிருந்து வந்தால் எங்கே நின்று கை காட்டுவீர்கள்? பிளாட்ஃபாரத்திலா? எங்கள் வீட்டில் அதெல்லாம் செல்லாது. நாங்கள் பள்ளிபாளையம். எங்களுக்குக் காவிரி ரயில் பாலத்தின் அடி மணல்தான்.

பாலம் ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஈரோட்டிலிருந்து சேலம் போகிற ரயில் தண்ணீர் வருகிற மேற்புறப் பாலத்தில் போகும். சேலத்திலிருந்து வருகிற ரயில் கீழ்ப்புறப் பாலத்தில் வரும். வெள்ளம் வந்தால் ஊரே தூணைத்தான் பார்க்கும், எத்தனையாவது கல் முங்கியிருக்கிறது என்று. ரயிலில் போகிறவர்கள் ஆற்றுக்குக் காசு போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பதினெட்டாம் பெருக்கன்று தண்ணீரில் பாதி காசு, பாதி பூ.

காலேஜ் செமினாரில் இந்தப் பாலத்தைப் பற்றி நான் பேசினேன். வெள்ளைக்காரன் மெட்ராஸையும் மேற்குக் கடற்கரையையும் இணைக்க ரயில் போட்டது, அதற்கு முன் பரிசலில் ஆறு தாண்டியது, எல்லாவற்றையும் ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

"எல்லாஞ் செரி. உங்கப்பன் அதுல வாரதச் சொன்னயா?"

அப்பாவுக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. போகும்போது வண்டியோடு ரோட்டிலேயே போய்விடுவார். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில். வேலை முடிந்ததும் வண்டி டிரைவரோடு ஆடி அசைந்து வரட்டும் என்று விட்டுவிட்டு, இவர் மட்டும் அவசரமாக ரயில் ஏறிவிடுவார். ரயில் சேலத்தில் நிற்கும்போது இறங்கி டீ குடித்துக்கொண்டே போன் அடிப்பார். உடனே அம்மா தறியை நிறுத்திவிட்டு, கையில் கிடைத்த துண்டை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கீழ்ப்புற மணலுக்கு ஓடுவாள்.

ஒரு தடவை கிடைத்தது சிவப்புத் துண்டு. மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் கத்தினார்: "ஏனுங்கம்மணி, அத ஆட்டாதீங்க! டிரைவரு வண்டிய நிறுத்திப்போட்டான்னா உங்கூட்டுக்காரரு ஆத்துக்குள்ளதான் எறங்கோணும்!"

அன்றிலிருந்து மஞ்சள் துண்டு.

போன வருஷம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஆற்றைத் தாண்டி ஈரோட்டுக்குப் போய்க் காலை ரயிலைப் பிடிக்க வேண்டும். பாலத்தில் அதே ரயில் எங்கள் ஊர்ப் பக்கமே திரும்பி வரும். "அழுதன்னா நான் எறங்கிருவேன்" என்று மிரட்டித்தான் வீட்டில் விடைபெற்றேன். அம்மா அழவில்லை. "பாலத்துல பாக்கறேன். கதவுகிட்ட வந்து நில்லு சாமி" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

பாலம் வந்தது. இடது கதவில் நின்று பார்த்தேன். மணல், இரண்டு எருமை, தண்ணீர். மஞ்சள் இல்லை. வலது கதவுக்கு ஓடினேன். அங்கே இன்னொரு பாலத்தின் இரும்புதான் கண்ணெதிரே ஓடியது. அதற்குள் ஆறு முடிந்துவிட்டது.

போன் போட்டேன். "எங்கம்மா போன? கதவுல தொங்கிக்கிட்டுப் பாக்கறேன், ஆளயே காணோம்!"

"இங்கதாஞ் சாமி நிக்கறேன். எப்பவும் நிக்கற எடந்தான். சத்தங் கேட்டுது. ரயிலு அந்தப் பாலத்துல போயிருச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷமா நிக்கற. போற ரயிலு எந்தப் பாலத்துல போகும்னுகூடத் தெரியாதா?"



"நா எங்க சாமி போறதப் பாத்தேன்? வாரதத்தான பாத்திருக்கறேன்."

பக்கத்தில் நின்ற ஆள் "என்னாச்சுங்க?" என்று கேட்டார். தூசி என்றேன். ஏசி பெட்டியில் என்ன தூசி.

அதற்குப் பிறகு இரண்டு தடவை ஊருக்கு வந்தேன். டிக்கெட் கிடைக்காமல் இரண்டு தடவையும் பஸ். திரும்பியதும் பஸ்ஸில்தான். மஞ்சள் துண்டு மட்டும் துவைத்து, மடித்து, டிவி மேல் இருந்தது.

இந்தத் தடவை ரயில். சேலத்தில் டீ வாங்கினேன், போன் அடித்தேன். அம்மா "எந்தப் பெட்டி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பின்னால் தறிச் சத்தமே இல்லை.

சங்ககிரி தாண்டியாகிவிட்டது. அடுத்து கீழ்ப்புறப் பாலம்தான். இடது கதவில் நிற்கிறேன்.